என் வீட்டுக்காரரும் இறுகிய போல்டும்

என் வீட்டுக்காரருக்கு அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. படகுத்துறையில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். "ஊறட்டும் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். நண்டு சிண்டெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகும்.

படகின் பின்பக்கம் தொங்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். உப்புத் தண்ணீரில் கிடந்த மோட்டாரில் எந்த போல்டும் லேசில் கழலாது. இவர் அதன் தலையைச் சுற்றிச் சுரண்டி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, "ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். மோட்டாருக்குச் சொந்தக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். மறுநாள் வந்து "என்னாச்சு?" என்று கேட்டால், "ஊறிக்கிட்டிருக்கு" என்று பதில் வரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எங்கள் கல்யாணமும் ஊறித்தான் வந்தது. என் அப்பாவின் படகு மோட்டாரைச் சரி செய்ய வந்தவரிடம், அப்பா நைசாகப் பேச்சுக் கொடுத்து, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகப் போனவர் அடுத்த பழுதுக்குத்தான் வந்தார். அதுவரை அந்த மோட்டாருக்கு ஒரு கேடும் வரவில்லை. அவ்வளவு ஒழுங்காகப் பழுது பார்த்து வைத்திருந்தார் மனிதர். பிறகு நானே ஒரு வயரைப் பிடுங்கிவிட்டேன். இது அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. இவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, சிரித்துக்கொண்டே சொருகினார்.

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நான் மறைப்பதே இல்லை. ஒரு நாள் பால் காய்ச்சும் பாத்திரத்தை அடுப்பில் பார்த்தேன். உள்ளே பாலைக் காணோம், பித்தளையில் ஏதோ ஒரு சாமான் வெந்துகொண்டிருந்தது. மோட்டார் சூடானால் வாய் திறந்து தண்ணீரை உள்ளே ஓட விடும் வால்வாம் அது. உப்புப் படிந்துபோனால் திறக்காதாம். வெந்நீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமாம்.

"அது வாயைத் தொறக்குதான்னு பாக்கறீங்க, சரி. உங்க வாயைத் தொறக்க வைக்கவும் இதே பாத்திரத்துலதான் போடணும் போல" என்றேன்.

அவர் சிரித்தார். வால்வும் அதே நேரத்தில் திறந்துகொண்டது. பாத்திரத்தை அன்றோடு அவருக்கே கொடுத்துவிட்டேன், வேறென்ன செய்ய?

வீட்டை ஒட்டிய தகரக் கூரை அறைதான் பட்டறை. வாசலில் நல்ல தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம் இருக்கும். கடலிலிருந்து வந்த மோட்டார் எதுவானாலும் முதலில் அந்த டிரம்மில் மாட்டி ஓட விட்டு, உள்ளே இருக்கும் உப்பைக் கழுவிய பிறகுதான் மற்ற பேச்சு. ஜன்னல் கட்டை நெடுக போல்ட் போட்ட பாட்டில்கள். உலோகங்களைப் பற்றி அவர் பேசினால் அக்கம்பக்கத்து ஆட்களைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கும். இரும்பு சிவந்துபோய்த் தன் துருவை ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுமாம். பித்தளை பச்சையாகக் களிம்பு பிடித்து முகத்தைக் காட்டுமாம். அலுமினியம்தான் சரியான அமுக்குணி. பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்த்துவிடுமாம்.

இப்போது என் மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கொல்லையில் ஒரு சின்னப் படகு கவிழ்த்து வைத்திருக்கிறோம். என் படகு. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் படகை நான்தான் ஓட்டுவேன். அப்பா போனபின் அதை விற்றுவிட்டார்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில், "தனியா ஒரு படகுல மணல்திட்டு வரைக்கும் போயி, தூண்டிலைப் போட்டுக்கிட்டு, யாருக்கும் பதில் சொல்லாம உக்காந்திருக்கணும்" என்றேன். இவர் கையிலிருந்த போல்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கொஞ்ச நாளில் படகு வந்தது. அப்புறம் பழைய இரும்புக் கடையிலிருந்து, கடலில் விழுந்து கிடந்து எடுத்த ஒரு மோட்டார் வந்தது. பார்ப்பதற்கு எலும்புக்கூடு. வருகிற வேலைக்கு நடுவே அதைப் பிரித்து, கழுவி, தேய்த்து, உயிர் கொடுத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து ஒரே ஒரு போல்ட் பாக்கி. மோட்டாரின் தலைப்பாகத்தையும் தண்ணீருக்குள் இறங்கும் காலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட் அது. அது கழன்றால்தான் காலை இறக்க முடியும். காலை இறக்கினால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரத்தை மாற்ற முடியும். சக்கரம் மாற்றாமல் ஓட்டினால் மோட்டார் வெந்துவிடும்.

அந்த ஒரு போல்டுக்காக நான் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் "ஊறட்டும்" என்பார். என் படகின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

என் தம்பி எல்லாவற்றிலும் இவருக்கு நேர் எதிர். அவனை ஊரில் "சட்டுபுட்டு" என்பார்கள். உலை கொதிக்கும் முன்னே தட்டோடு வந்து உட்காருகிறவன். ஒரு மோட்டாரை ஒரு வாரம் வைத்திருக்கும் மச்சானிடம் அவனுக்குச் சரிப்பட்டு வரவில்லை. "மச்சான்கிட்ட விட்டா மோட்டாரு ஊறுகா ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டு, இரண்டு வருஷமாகத் தன் மோட்டாரை அவனே பார்த்துக்கொண்டான். இவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் அந்த மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பல்லாக இருந்தது. அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகுக்காரர் வயசாகிவிட்டது என்று நிறுத்திக்கொள்கிறார். அந்தப் படகோட்டம் இவனுக்குக் கிடைக்கும் போல. துறைமுக அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமை காலையில் வந்து படகையும் மோட்டாரையும் சோதித்துப் பார்ப்பார்கள். தேறிவிட்டால் ஓட்டம் இவனுக்கு, இல்லாவிட்டால் அடுத்து எழுதிக் கொடுத்திருப்பவனுக்கு.

இது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வலை இழுத்து இழுத்து அவன் இடுப்பு போய்விட்டது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறான். இனி வலையைத் தொடாதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடல் இல்லாத வேலைக்கு அவன் லாயக்கில்லை. உட்கார்ந்தபடி ஓட்டுகிற இந்தப் படகு ஒன்றுதான் வழி.

"சும்மா மேலோட்டமா ஒரு பார்வை பாத்துக் குடுங்க மச்சான். சாயங்காலம் எடுத்துக்கறேன்."

மோட்டார் பளபளவென்று கறுப்பாக இருந்தது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அவனே ஸ்பிரே அடித்திருந்தான். அடியில் தண்ணீரைத் தள்ளுவதற்குக் கண்ணாடி போல ஒரு புது ஸ்டீல் விசிறி. இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"மாப்ள, ஜிங்க் எப்ப மாத்தின?"

"எதுக்கு மாத்தணும்? நீங்களே பாருங்க. ரெண்டு வருசமா துளிகூடக் கரையல. அப்படியே புதுசு!" என்றான் பெருமையாக.

இவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ போய்விட்டது என்று அர்த்தம்.

இந்த ஜிங்க் விவகாரம் படகுக்காரர்கள் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டாரின் காலில், விசிறிக்கு மேலே, துத்தநாகத்தில் ஒரு கட்டியை வைத்து முடுக்கியிருப்பார்கள். உப்புத் தண்ணீருக்குள் பல உலோகம் சேர்ந்து இருந்தால் இளைத்ததைத்தான் முதலில் அரிக்கும். அங்கே இளைத்தது இந்தக் கட்டி. அதை அரித்துக்கொண்டிருக்கும் வரை அலுமினியக் கால் தப்பிக்கும். கட்டி கரைய வேண்டும், அதற்காகத்தான் அதை வைப்பது. கரைந்ததும் வேறு கட்டி மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இவர் நகத்தால் கட்டியைச் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் உரிந்து வந்தது.

"இது மேலயும் அடிச்சியா?"

"ஆமா மச்சான். எல்லாம் கறுப்பா இருக்கயில அது மட்டும் சாம்பக் கலர்ல அசிங்கமா இருந்துச்சு."

"பெயின்ட் போட்டு மூடினா தண்ணி அதை எப்படிடா தொடும்? உப்புத்தண்ணி பட்டினி கிடக்காதுல்ல. வேற எதையாவது தின்னும். போதாக்குறைக்கு அலுமினியத்தைச் சீக்கிரம் அரிக்க வைக்கிற ஸ்டீல் விசிறிய வேற பக்கத்துல வச்சிருக்க."

காலில் பெயின்ட் அங்கங்கே கொப்புளம் விட்டிருந்தது. இவர் ஸ்க்ரூடிரைவரை ஒரு கொப்புளத்தின் மேல் வைத்தார். அழுத்தக்கூட இல்லை. முனை உள்ளே போய்விட்டது. வெள்ளைப் பொடி கோலமாவு மாதிரி தரையில் கொட்டியது. அடியிலிருந்த திருகைத் திறந்தால், கறுப்பாக வர வேண்டிய எண்ணெய் பால் கலந்த டீயாக வழிந்தது. கடல் எப்போதோ உள்ளே நுழைந்துவிட்டது.

வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "பொடி மேல நெருப்பு வச்சா என்ன ஒட்டும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். நகரத்துக் கடைக்கு போன் போட்டோம். புதுக் கால் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

வாயைத் திறந்தால் மூடாத என் தம்பி, கவிழ்த்த படகின் மேல் போய் உட்கார்ந்தான். மோட்டார் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து ரொம்ப நேரம் கை கழுவினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உன் மோட்டாரும் அதே சைசு. அந்தக் கால் இதுக்குச் சரியா உக்காரும்."

நான் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன்.

"அது உன்னோடது. நீதான் சொல்லணும்."

எனக்கு வந்ததே கோபம்! அவராகவே எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். என்னிடம் கேட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னென்னவோ கத்தினேன். பொறந்த வீட்டில் ஒன்று, புகுந்த வீட்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து என் தலையில்தான் மிளகாய் அரைக்கிறது என்றேன். அவனை யார் அங்கே பெயின்ட் அடிக்கச் சொன்னது என்றேன். ஒரு வருஷமாக ஒரு போல்டைக் கழற்றத் தெரியாத மெக்கானிக் என்றேன். அழுகையும் வந்தது. இவர் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றார். என் கோபமும் அவருக்கு ஒரு போல்ட்தான். அது தானாக இளகட்டும் என்று நிற்பார்.

மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி அந்த ஓட்டை மோட்டாரைத் தனியாகத் தூக்கி வண்டியில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதித் தூக்கில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்த நிலையிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நிமிரவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

"எறக்குடா அதை" என்றேன். "எறக்கி வை. என் காலை எடுத்துக்க. ஆனா அந்த போல்ட் வரலைன்னா என்னைக் குத்தம் சொல்லாத."

ஆமாம், அந்த போல்ட். ஒரு வருஷம் ஊறியும் அசையாதது திங்கட்கிழமைக்குள் கழல வேண்டும். உள்ளேயே முறிந்தால் இரண்டு மோட்டாரும் காலி. என் தம்பியோ, மச்சான் மதியம் கண்ணயர்ந்தால் நீளக் குழாயை ஸ்பேனரில் சொருகி ஒரே நெம்பாக நெம்பிவிடும் ஆள். அதனால் அந்தக் குழாயை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சனிக்கிழமை அவன் பட்டறை பூராவும் அதைத் தேடினான். "ஏன்க்கா, இங்க ஒரு குழாய் இருந்துச்சே?" என்று என்னிடமே கேட்டான். எலி தூக்கிப் போயிருக்கும் என்றேன்.

என் வீட்டுக்காரர் அவசரப்பட்டதை அந்த இரண்டு நாளில்தான் பார்த்தேன். அவருடைய அவசரம் எப்படி என்றால், போல்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை மட்டும் கேஸ் நெருப்பால் மெதுவாகச் சூடாக்குவார். போல்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்வார். "அலுமினியம் முதல்ல விரியும். விரிஞ்சா பிடி விடும்" என்பார். ஆறியதும் எண்ணெய் விடுவார். சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று தலையில் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். ஊறட்டும் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, என் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு, மென்று விழுங்கிவிடுவார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டிவிட்டுக் கேட்டவர், இன்னொரு முறை தட்டினார். சத்தம் மாறியிருந்தது. எனக்கே கேட்டது. ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நான் எதுக்கு?"

"உன் மோட்டாரு. நீயே திருப்பு."

தம்பி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். நான் ஸ்பேனரை மாட்டிக் கழற்றும் பக்கம் இழுக்கப் போனேன்.

"அந்தப் பக்கம் இல்லம்மா. முதல்ல கொஞ்சம் இறுக்கு."

"கழட்டத்தானே இவ்வளவு பாடு?"

"ஒரு நூல் இறுக்கினாத்தான் உப்பு உடையும். அப்புறம் விடு."

இறுக்கினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். முறிந்துவிட்டது என்று நினைத்துத் தம்பி "ஐயோ" என்றான். முறியவில்லை. மறுபக்கம் திருப்பினேன், அசைந்தது. மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, எண்ணெய் விட்டு, அப்படியே சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தேன். மரைகளில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. கையில் வைத்துப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லை. இந்தப் பொடிப்பயலா என்னை ஒரு வருஷம் கரையில் உட்கார வைத்தான்!

சாயங்காலத்துக்குள் என் மோட்டாரின் கால் அவன் மோட்டாருக்குப் போய்விட்டது. புது ரப்பர் சக்கரம், புது ஜிங்க், பழைய அலுமினிய விசிறி. ஸ்டீல் விசிறியை இவர் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார், அழகு பார்க்க. மோட்டார் மேலே கறுப்பு, கீழே வெறும் சாம்பல். தம்பி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"மச்சான், கொஞ்சம் இரவல் சாமான் மாதிரி தெரியுதே. லேசா ஒரு கோட்டு மட்டும்..." என்று ஸ்பிரே டப்பாவைக் கையில் எடுத்தான்.

"ஜிங்க் பக்கம் அது போச்சுன்னா, உன் மூஞ்சிக்குக் கறுப்படிப்பேன்" என்றேன். டப்பா கீழே போய்விட்டது.

திங்கட்கிழமை வந்த அதிகாரி நல்ல மனிதர். மோட்டாரை ஓடவிட்டு, பக்கவாட்டில் தண்ணீர் ஒழுங்காகப் பீச்சுகிறதா என்று பார்த்தார். குனிந்து ஜிங்க் கட்டியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். தம்பி அங்கேயே என் காலில் விழப் போனான். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று நான் தடுத்துவிட்டேன்.

நான் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். இருந்தாலும் சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது, கால் இல்லாத என் மோட்டார் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. இவர் பின்னால் வந்து நின்றார். "இப்பவும் ஊறட்டும்னு சொன்னீங்க, அவ்வளவுதான்" என்றேன். துணியில் பாதியை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

சொன்னபடி மூன்று வாரத்தில், தம்பி சொல்லிவைத்திருந்த புதுக் கால் வந்தது. தம்பிதான் போய் எடுத்து வந்தான். நேராக அவன் படகுக்குத்தான் போகும் என்று நினைத்தேன். என் வீட்டு வாசலில் இறக்கினான்.

"இது அக்காவுக்கு. நான் பழசையே வச்சுக்கறேன். அது எனக்கு ராசியா இருக்கு."

ராசியாவது மண்ணாவது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை எல்லோரும் அவன் மோட்டாரின் சாம்பல் காலைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அழகுக்காகவே ஒரு மோட்டாரைப் பாழாக்கியவன், அந்தக் கேலியோடு ஓட்டிக்கொண்டிருந்தான். "கலராவது சரியா இருக்கா பாரு" என்று அதட்டினேன்.

இவர் அன்றே மாட்டினார். ஒவ்வொரு போல்டையும் கிரீஸில் குளிப்பாட்டித்தான் உள்ளே விட்டார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்குக் கழட்ட வேண்டி வரும்ல."

இப்போது நான் மணல்திட்டுக்குப் போகிறேன், யாருக்கும் பதில் சொல்லாமல் தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். முதல் நாள் இவர் கரையில் நின்றார். மோட்டாரைக் கிளப்பியதும் பக்கவாட்டில் நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் பீச்சியது. அதைப் பார்த்ததும்தான் கையை ஆட்டினார். திரும்பி வந்ததும், என்னை விட்டுவிட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு டிரம்முக்குப் போனார். மீன் கிடைத்ததா என்று கேட்கவில்லை.

போன வாரம் மணல்திட்டிலிருந்து திரும்பி வரும்போது தம்பியின் படகு எதிரே வந்தது. நிறைய ஆட்கள், கடைச் சாமான், ஒரு சைக்கிள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்:

"அக்கா! பாதி போச்சு! தின்னுடுச்சு! மச்சான்கிட்ட சொல்லு, ஜிங்க்கைப் பாதி தின்னுடுச்சு!"

படகிலிருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். அவர்கள் யாரையும் அவன் கவனிக்கவில்லை. வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியவன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றான். இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல், நேராக நின்றான்.

"நல்லாத் தின்னட்டும்டா!" என்று நானும் கத்தினேன்.